திருநீறு பூசிய கொத்தமல்லி

பயப்படுவதில் எனக்குப் பிறவித் திறமை உண்டு. மற்றவர்கள் ஒரு காரியம் கெட்டுப்போன பிறகு பயப்படுவார்கள். நான் அது தொடங்க முன்னரே ஒருமுறை பயந்து, நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருமுறை பயந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் "ஐயோ, முடியாமல் போயிருந்தால்?" என்று கடைசியாக ஒருமுறை பயந்து வைப்பேன். எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலையில் அமர்ந்தபோது, இந்தத் திறமையைக் காட்ட எனக்கு ஒரு கண்டமே கிடைத்தது. சிலந்திக்குப் பயந்தேன். கேஸ் அடுப்புக்குப் பயந்தேன். தபால்காரர் வாசலில் விசில் ஊதினால், எங்களைத் திருப்பி அனுப்பும் கடிதம் வந்துவிட்டது என்று பயந்தேன்.

இந்தப் பயங்களுக்கெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆறுதல் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என் பிள்ளைகள் அவரை அன்ரி என்றார்கள்; பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் அன்ரி என்றோம். அவர் பேசியது முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை காலத்தில் என் ஞாபகம் அவரை நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசப் பழக்கிவிட்டது. ஒரேயொரு சொல்லைத்தான் அதனால் மாற்ற முடியவில்லை. நாங்கள் குடிவந்த அன்றே ஒரு தட்டில் சுடச்சுட இனிப்புப் பணிஸ் கொண்டுவந்து, "வாரும், லவ். இனி நாங்கள் அயலட்டை" என்றார்.

லவ்! முன்பின் தெரியாத பெண், கணவன் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி குசினியில் சாமான் அடுக்கிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து லவ் என்கிறார். வேறு யாரும் சொல்ல முன்னர் நானே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு என்று குசினிக்குள் ஓடினேன். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலமை பால்காரனையும் அப்பிடித்தான் கூப்பிட்டவ. பூனையையும் கூப்பிட்டவ. நீங்கள் பெரிய ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்காமல் அந்தப் பெட்டியைத் தூக்குங்கோ."

அன்ரி எங்களுக்குச் செய்த உதவிகளைச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இளையவள் பிறக்கவிருந்த நாள், மத்தியானம், மனைவிக்கு வலி தொடங்கியது. என்னிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இல்லை. அன்ரி தன் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும்தான் என் பொறுப்பு. நானும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் அந்தப் பையைத் திறந்தபோது உள்ளே இருந்தது உருளைக்கிழங்கு. அன்ரி திரும்பிக் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சரியான பையைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், "கிழங்கு ஏதும் வேணுமோ, லவ்?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

அவருடைய கணவர், எங்கள் கணக்கில் அங்கிள், செங்கல் கட்டும் மேசன். செவன் ஹில்ஸ் மண் முழுக்கக் களி. மழை பெய்தால் சப்பாத்தை விடாது. வெயில் எறித்தால் மண்வெட்டியை உள்ளே விடாது. அன்ரியோ கடற்கரைக்காரி. பாறைக்கு மேலே இடுப்பளவு புதர்கள் மட்டும் வளர்கிற, காற்று அடித்துக்கொண்டே இருக்கிற, மணல்பாங்கான வெளி ஒன்றில் வளர்ந்தவர். கல்யாணமாகி இந்தக் களிமண்ணுக்கு வந்தபோது, தன் வெளியில் பூக்கும் ஒரு பூ மட்டும் இங்கே இல்லையே என்று சொல்லியிருக்கிறார். அங்கிள் பேச்சுக் குறைந்த மனிதர். பின்வளவில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லால் ஒரு மேடை கட்டி, பருமணல் கொண்டுவந்து நிரப்பி, எங்கோ ஒரு தோட்டக்காரரிடம் விதை வாங்கித் தூவிவிட்டார். ஃபிளானல் பூ, கம்பளித் துணியின் பெயர் வைத்த பூ. ஆண்டுதோறும் வசந்தத்தில் அந்த மேடை வெள்ளையாகிவிடும்.

அந்தப் பூவை நான் முதலில் பார்த்தபோது யாரோ துணியில் வெட்டி ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வெள்ளை இதழ்கள், தொட்டால் குழந்தையின் கம்பளிச் சட்டை மாதிரி. நுனியில் மட்டும் யாரோ பச்சைச் சாயத்தில் தோய்த்தெடுத்த மாதிரி ஒரு கீற்று. தண்டு, இலை எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூனைமயிர். என் மனைவி சுற்றி வந்து பார்த்தார்.

"திருநீறு பூசின கொத்தமல்லி மாதிரி இருக்கு," என்றார். பிறகு குனிந்து மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "மணமே இல்லை. மணமில்லாமல் என்ன பூ?"

நான் இதை மரியாதைக்காக மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அன்ரிக்கு விளங்கிவிட்டது. "ஓம், லவ். மணம் இல்லைத்தான். பாவம், அதுவும் என்னதான் செய்யும்?" என்றார்.

எங்கள் வீட்டில் மணத்துக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை மனைவி தலைமுழுகி, சாம்பிராணி காட்டித் தலை உலர்த்துவார். முதல் தடவை வீட்டுக்குள் காட்டியபோது புகை யன்னலால் வெளியே போக, எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்துவிட்டார். அன்று பயந்த பயத்தில் நான் சாம்பிராணியைப் பின்வளவில் தனியாக இருந்த, உடுப்புத் தோய்க்கும் லாண்டரி அறைக்கு நாடு கடத்தினேன். தகரக் கூரை, சீமெந்துத் தரை, எரிவதற்கு ஒன்றுமில்லை. பால்மா டின்னில் துளை போட்டு, சிரட்டைக்கரியும் தேங்காய்ப் பொச்சும் போட்டு மூட்டுவார். பொச்சு கிடைக்காத வாரத்தில் கூரைப் பீலிக்குள் விழுந்து கிடக்கும் யூக்கலிப்டஸ் சருகு. அதற்கு மேலே ஊரிலிருந்து பார்சலில் வரும் சாம்பிராணி ஒரு கிள்ளு.

அன்ரியின் ஒரே மகளுக்கு அந்தப் புகையில் பெரிய விருப்பம். நாங்கள் வந்தபோது பள்ளிக்கூடம் முடித்துக்கொண்டிருந்தவள். பிறகு நேர்ஸ் வேலை பழகப் போனாள். இடுப்பு வரை தலைமயிர். வெள்ளிக்கிழமை மாலை டியூட்டி முடிந்ததும் நேரே எங்கள் லாண்டரிக்கு வந்து, ஒரு சின்னக் கதிரையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருப்பாள். மனைவி தன் தலையை உலர்த்திவிட்டு அவளுடைய தலைக்கும் புகை காட்டுவார். பிறகு பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கையால் குழைத்துச் சாப்பிடுவாள். அங்கிள் திடீரென்று மாரடைப்பில் போன பிறகு, அவள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை.

அங்கிள் போய் இரண்டாவது கோடையில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. பேசி முடிந்தது என்பது எங்கள் வழக்கில். அவளே ஒரு பையனைப் பார்த்து, அவளே முடிவெடுத்து, அன்ரிக்கு அறிவித்தாள். நவம்பரில் தேவாலயத்தில் திருமணம். ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். தேவாலயத்துக்குள் அப்பாவின் இடத்தில் தன்னைக் கூட்டிக்கொண்டு நடக்க வேறு யாரும் வேண்டாம், தனியாகத்தான் நடப்பாளாம்.

"அப்பா வைச்ச பூ என்ர கையில இருந்தால் அதுவே காணும்," என்றாள்.

சொல்லி ஒரு மாதம் போகவில்லை. மழை தொடங்கியது. நாள்கணக்கில் விடாத மழை. செங்கல் மேடையின் வடிகால் துளையைக் களி அடைத்துவிட, மணல் முழுவதும் ஊறி, செடிகள் ஒவ்வொன்றாக வேரழுகிச் சரிந்தன. அதை அடைப்பெடுக்கப் போன அன்ரி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மழை விட்டபோது மேடையில் ஒன்றும் மிச்சமில்லை. காட்டில் போய்ப் பறிக்கலாமென்றால் அது சட்டப்படி குற்றம். பூக்கடையில் கேட்டால் கார்னேஷன் காட்டினார்கள். மிஞ்சியது அங்கிளின் பழைய புகையிலை டின் ஒன்று. அதற்குள் போன கோடையில் அன்ரி சேர்த்து வைத்த விதை. சாம்பல் நிறப் பஞ்சுத்துகள் மாதிரி. பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும்.

கட்டுப்போட்ட கையோடு வேலியோரம் நின்று அந்த டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் அன்ரி. அந்த மனிதருடைய செடியில் உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நெஞ்சு பொறுக்காதபோது என் வாய் தானாகத் திறந்துவிடும்.

"அன்ரி, இதை என்னட்டை விடுங்கோ. நான் யாழ்ப்பாணத்தான். கல்லுக்குள்ள புகையிலை வளர்த்த ஆக்கள் நாங்கள். என்ர கத்தரியைப் பாத்தனீங்கள்தானே?"

என் கத்தரி அந்தத் தெருவில் பிரபலம் என்பது உண்மை. ஆனால் என் வம்சத்தில் புகையிலை வளர்த்தவர் யாரும் இல்லை, எல்லாரும் பேனா பிடித்த கிளாக்கர்மார். அன்ரி என்னை ஒருமுறை பார்த்தார். உருளைக்கிழங்குப் பை அவர் ஞாபகத்தில் வந்து போயிருக்க வேண்டும். இருந்தாலும் டின்னைத் திறந்து பாதி விதையை ஒரு கடதாசியில் கொட்டித் தந்தார்.

"இது வலு மெல்லமாத்தான் முளைக்கும், லவ். சில நேரம் முளைக்கவே முளைக்காது. ஒண்டும் செய்யாமல் விட்டால் காணும்."

ஒன்றும் செய்யாமல் விடுவதா? அதுதான் எனக்குத் தெரியாத ஒரே தொழில். ஒரு தட்டில் மணலைப் போட்டு விதைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். அரிசி களைந்த தண்ணீரும் விட்டேன். ஒரு கிழமை பார்த்தேன், ஒன்றும் இல்லை. மணலில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று எனக்கு யோசனை வந்தது. சனிக்கிழமை மீன் வாங்கும் நாள். ஊரில் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் முருங்கைக்கும் மீன் கழுவிய தண்ணீருக்கு நிகர் ஏதாவது உண்டா? என் கத்தரியின் இரகசியமே அதுதான். சட்டியோடு கொண்டுபோய் ஊற்றினேன். அடுத்த சனிக்கிழமையும் ஊற்றினேன். மூன்றாம் வாரம் தட்டில் பச்சையாக ஏதோ தெரிந்தது. துள்ளிக் குதித்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"பாசி," என்றார் மனைவி. "புழுவும் இருக்கு."

நான் பதில் யோசிக்க முன்னர் வேலிக்கு மேலால் அன்ரியின் தலை தெரிந்தது. மூக்கை உறிஞ்சினார்.

"லவ், உம்மட தட்டில ஏன் மீன் மணக்குது?"

சொன்னேன். மறைக்க வழியில்லை, பூனை வந்து தட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டிருந்தது. தன் கடற்கரை வெளிகளில் மண் பரம ஏழை என்றும், அந்தச் செடிகள் ஏழை மண்ணுக்கே பழகியவை என்றும், உரம் கண்டால் செத்துவிடும் என்றும் அப்போதுதான் அன்ரி விளக்கினார். கோபப்படவில்லை. அதுதான் என்னை முறித்தது. வீட்டுக்குள் போய் மிச்ச விதையோடு டின்னைக் கொண்டுவந்து நீட்டினார். ஆனால் என்னிடம் இல்லை. என் கைக்கு மேலால், என் மனைவியிடம்.

அன்றிலிருந்து எனக்குத் தடையுத்தரவு. இரண்டாவது தட்டு லாண்டரிக்குள், யன்னல் பலகையில், மழையும் பூனையும் நானும் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. உடுப்புத் தோய்க்கப் போகும்போது மனைவி விரல் நுனியால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். அவ்வளவுதான். நான் வேலைக்குப் போகும்போதும் வந்த பிறகும் யன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பேன்.

"களவெடுக்க வந்தவன் மாதிரி நிக்காதையுங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் வரும். "அது உங்களைப் பாத்தே பயத்தில வெளிய வருகுதில்லை."

மார்ச் போனது. நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணி எண்ணி எனக்குத் தூக்கம் கெட்டது. தொழிற்சாலையில் ஒரு வரைபடத்தில் கதவு வைக்க மறந்து, உள்ளே போக வழியில்லாத ஓர் அறையைக் கீறிக் கொடுத்தேன். அன்ரியின் மகள் வெள்ளிக்கிழமைகளில் லாண்டரிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, புகைக்குள்ளிருந்து, "வந்திட்டுதோ?" என்று கேட்பாள். "இன்னும் இல்லைப் பிள்ளை," என்பார் மனைவி தமிழில். இருவருக்கும் அது போதுமாயிருந்தது.

ஈஸ்டர் கழிந்து ஒரு காலை, யன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டியபடி பார்த்தேன். மணலில் இரண்டு இரண்டாக மெல்லிய இலைகள். ஒன்றல்ல, தட்டு முழுவதும். இது பாசி இல்லையே? புல் இல்லையே? உறுதிப்படுத்தாமல் எப்படிச் சொல்வது? மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே போய் ஒன்றைப் பிடுங்கினேன். வேர் இருந்தது. திரும்ப நட்டேன். அதே நேரம் மனைவி ஈரத்தலையோடு வாசலில் நின்றார்.

"பிறந்த பிள்ளையைத் திருப்பி உள்ளுக்கு வைச்சுப் பாக்கிறியளோ?"

அன்ரி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து லாண்டரியைச் சுற்றிப் பார்த்தார். புகையேறிக் கறுத்த தகரக் கூரை, பால்மா டின், யன்னல் பலகையில் படிந்திருந்த சாம்பல். "அவர் போட்டதில இப்பிடி ஒரு வருஷமும் வந்ததில்லை," என்றார் மெதுவாக. பிறகு சொன்னார். அவர் வளர்ந்த கடற்கரையில், கோடையில் காட்டுத்தீ வந்து எல்லாவற்றையும் கரியாக்கிவிட்டுப் போகுமாம். மழை பெய்ததும் அந்தக் கரிக்குள்ளிருந்து இந்தச் செடி கூட்டம் கூட்டமாகக் கிளம்புமாம். அடுத்த வசந்தத்தில் மலை முழுக்க வெள்ளையாம்.

"உம்மட மனிசி வெள்ளிக்கு வெள்ளி நெருப்பு வந்திட்டுது, நெருப்பு வந்திட்டுது எண்டு விதைக்குப் பொய் சொல்லியிருக்கிறா, லவ்."

அது புகையா, சூடா, இல்லை விதைக்கே ஒருநாள் மனம் வந்ததா, எனக்குத் தெரியாது. நான் விஞ்ஞானி இல்லை. கதவில்லாத அறை கீறுகிறவன். ஆனால் மனைவிக்கு அன்று வந்த நடை இருக்கிறதே, அதை நான் பிறகு ஒருபோதும் கண்டதில்லை. மத்தியானம் மீன் கழுவிய தண்ணீரை என் கண் முன்னாலேயே கொண்டுபோய்க் கத்தரிக்கு ஊற்றிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்ரியின் கை அதற்குள் தேறியிருந்தது. நாற்றுகள் சின்னதாக இருக்கும்போதே, வேர் அதிராமல், ஒரு ஐஸ்கிறீம் தடியால் கிளப்பி, துளை போட்ட பழ டின்களுக்கு மாற்றினார். மேடையிலிருந்த பழைய மணலைக் கிட்டவும் விடவில்லை. அழுகல் அதற்குள் இருக்குமாம். புதுப் பருமணல். உரம் இல்லை. நான் டின்களைத் தூக்கி வைக்க மட்டும் அனுமதிக்கப்பட்டேன். குளிர்காலத்தில் செடிகள் ஒரு சாண் வளர்ந்தபோது, அன்ரி கத்தரிக்கோலோடு வந்து நுனிகளைக் கச்சக் கச்சக்கென்று வெட்டினார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்ரி, என்ன செய்யிறியள்!"

"நுனியைக் கிள்ளினால்தான் கிளைக்கும். நீர் உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி குடியும்."

செப்டம்பரில் மொட்டு வந்தது. ஒக்டோபர் முடிவில் பூ விரியத் தொடங்கியது. கல்யாணத்துக்கு முன்னமே உதிர்ந்துவிடுமோ என்று பயந்து நிழலில் வைத்தேன். விரியாமலே நின்றுவிடுமோ என்று பயந்து திரும்ப வெயிலில் வைத்தேன். என் பாட்டைப் பார்த்து, நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, டின்களை அதன்மேல் வரிசையாக வைத்து, "இனித் தொட்டால் கையை முறிப்பன்," என்றார் மனைவி.

கல்யாணம் சனிக்கிழமை. வெள்ளி பின்னேரம் நான் வேலையால் வந்துகொண்டிருக்கும்போது மேற்கே வானம் பச்சையும் கறுப்புமாகத் திரண்டது. சிட்னிக்காரர்களுக்கு அந்த நிறம் தெரியும்; ஆலங்கட்டி. தெருமுனையிலிருந்து ஓடினேன். நான் பின்வளவுக்குள் நுழைய, முதல் கல் லாண்டரிக் கூரையில் விழுந்தது. கைக்கு இரண்டு டின்னாகத் தூக்கி லாண்டரிக்குள் எறியாத குறையாக வைத்தேன். மனைவி உள்ளே இருந்தார். நாளைய மணப்பெண்ணும் இருந்தாள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு. பால்மா டின் புகைந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கும் தலை அந்த மணத்தோடேயே இருக்க வேண்டும் என்று அவளே கேட்டு வந்திருக்கிறாள். கடைசி டின்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கூரையில் கல் விழுந்த சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. மூன்று பேரும் பூக்களும் அந்தப் புகைக்குள் இருந்தோம். ஒரு பூவும் சேதப்படவில்லை. நான் சிரித்துக்கொண்டு படுத்தேன். அப்படிச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

காலையில் டின்களை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது. ஃபிளானல் அல்லவா? கம்பளி மாதிரிப் புகையைக் குடித்து வைத்திருக்கிறது! மணமே இல்லாத பூ வெள்ளிக்கிழமைக் கோயில் மூலஸ்தானம் மாதிரி மணக்கிறது. வெள்ளைக்காரக் கல்யாணம். தேவாலயம். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அன்ரியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த மனிதரின் பூவை நான் இரண்டாம் தடவையும் கெடுத்துவிட்டேன். முதல் தடவை மீன், இப்போது சாம்பிராணி.

பயத்தில் எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும். சரியாக வேலை செய்யும் என்று சொல்லவில்லை. பின்வளவு நடுவில் ஒரு கம்பத்தில் குடை மாதிரி விரிந்து சுற்றுகிற துணிக்கொடி இருந்தது, எல்லார் வீட்டிலும் இருப்பது போல. மனைவியின் சந்தைக்குப் போகும் வலைப்பைகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டின்னை வைத்துக் கொடியில் தொங்கவிட்டேன். ஒரு கையால் பிடித்துச் சுற்றத் தொடங்கினேன். காற்றுப் பட்டால் மணம் போய்விடும் அல்லவா? இன்னும் வேகமாகச் சுற்றினேன். கொடியோடு நானும் ஓடினேன்.

"கலியாண நாளும் அதுவுமாப் பூவுக்கு ராட்டினம் காட்டுறியளே?" குசினி யன்னலில் மனைவி.

வேலிக்கு மேலால் அன்ரி, தலையில் மயிர்ச்சுருட்டிகளோடு. "லவ், நீர் என்ன செய்யிறீர்?"

நான் நின்றேன். கொடி நிற்கவில்லை, ஒரு டின் முதுகில் இடித்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஆலங்கட்டி, லாண்டரி, புகை. மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். பவுடர் போட்டுப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டேன். அன்ரி வேலிக் கதவால் வந்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு டின்னைப் பிடித்து நிறுத்தி, குனிந்து மணந்தார். அப்படியே நின்றார். எனக்கு உயிர் போய் வந்தது.

"அவர் போன பிறகு எனக்கு அடுப்பு மூட்டவே மனம் வரேல்லை, லவ்," என்றார், முகத்தை எடுக்காமலே. "பிள்ளை சாப்பிட்டாளோ எண்டு கேக்கவும் வாய் வராது. வெள்ளிக்கிழமைகளில அவள் உங்கட வீட்டால வந்து, போய்ப் படுக்க முதல் என்ர கன்னத்தில கொஞ்சக் குனிவாள். தலையில இந்த மணம் இருக்கும். சரி, பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டிட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டு நானும் படுப்பன்."

இத்தனை வருடமும் நாங்கள்தான் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குசினி யன்னலில் மனைவி இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

பூக்களை அன்ரியே வெட்டினார். ஒரு கைப்பிடி வெள்ளை, சாம்பல் இலைகளோடு, ஒரு ரிபனால் கட்டினார்.

தேவாலயத்தில் அன்ரி முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அங்கிள் இருக்கவேண்டிய இடம் காலி. நாங்கள் அவருக்கு நேர் பின்வரிசை. அவர் திரும்பி என் மடியைப் பார்த்தார். என் மடியில் பழ டின் ஒன்று, வெட்டாமல் விட்ட செடியோடு.

"இது எதுக்கு, லவ்?"

"வழியில பூக்கட்டு விழுந்தாலோ, ஆராவது மிதிச்சாலோ... ஒரு கைகாவலுக்கு."

அன்ரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கையை நீட்டி டின்னை வாங்கி, கைக்குட்டையால் அடியைத் துடைத்து, தன் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தார். பிறகு நேராக இருந்தார்.

ஓர்கன் தொடங்கியது. அவள் தனியாகத்தான் நடந்து வந்தாள், இரண்டு கையாலும் பூவைப் பிடித்தபடி. எங்களைக் கடந்தபோது அந்த மணம் வந்தது. பீடத்தில் நின்ற ஃபாதர், யாராவது தூபம் போட்டுவிட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். மனைவி என் விலாவில் இடித்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் காதுக்குள், "எங்கட வெள்ளிக்கிழமை நடந்து போகுது, பாருங்கோ."

பார்த்தேன். பயப்படுவதற்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். அந்த நேரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.